வகுப்பும் பொருளும்



கணிப்பொறி நிரலாக்கம் பயிலத் தொடங்கும் மாணவர்க்கு முதலில் இடறுவது "வகுப்பு" என்னும் சொல். பள்ளிக்கூடத்து வகுப்பறையை எண்ணிக்கொண்டே பாடத்தைப் படித்தால் ஒன்றும் விளங்காது. சப்ரகமுவத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கச் செக்றோல் புத்தகமே போதும்.

ஒன்றும் எழுதப்படாத செக்றோல் பக்கத்தைப் பாருங்கள். பெயருக்கு ஓர் இடம், எண்ணுக்கு ஓர் இடம், நாள்தோறும் குறிக்கக் கட்டங்கள். அங்கே ஆள் எவரும் இல்லை; ஆளை எவ்வாறு பதிவது என்னும் அமைப்பு மட்டுமே உண்டு. அதுவே வகுப்பு. ஒருவர் பெயர் ஏறியதும் அந்த வரி பொருளாகிறது. பெயரும் எண்ணும் அதன் பண்புகள். முழுப் பேரா, அரைப் பேரா என்று கணக்கிடுவது அதன் செயல்முறை. வகுப்பு ஒன்று, பொருள்களோ நூற்றுக்கணக்கில் இருக்கலாம். ஒருவருடைய வரியில் அரைப் பேர் விழுந்தால் மற்றவர் வரி மாறாது. ஆனால் கணக்கிடும் விதியையே மாற்றினால் எல்லோருடைய சம்பளமும் மாறும்.

வரையறையின் வலிமையை மலையக மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் "குடிமகன்" என்னும் சொல்லுக்கு வகுத்த இலக்கணம், பல இலட்சம் பேரை ஒரே வீச்சில் வெளியே நிறுத்தியது. எஞ்சியிருந்தோர்க்கு வழிதிறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. நிரலில் வகுப்பைத் திருத்த ஒரு மாலைப்பொழுது போதும்.

அடுத்தது மரபுரிமை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலையும் உண்டு, றப்பரும் உண்டு. கொழுந்து பறிப்பவரும் பால் வெட்டுபவரும் தொழிலாளரே. பெயரும் எண்ணும் இருவர்க்கும் பொது. ஆகவே "தொழிலாளர்" என்ற தாய் வகுப்பில் பொதுவானவற்றை ஒருமுறை எழுதிவிட்டு, இரண்டு சேய் வகுப்புகளை அதிலிருந்து பிறப்பிக்கலாம். "இன்றைய அளவைச் சொல்" என்று இருவரிடமும் ஒரே கட்டளை இடுகிறோம். முன்னவர்க்குக் கொழுந்தின் நிறை. பின்னவர்க்குப் பாலின் அளவும், மெட்ரொலக் கருவி காட்டும் றப்பர்ச் செறிவும். ஒரே கட்டளைக்கு அவரவர்க்கேற்ற விடை வருவதைப் பல்லுருவம் என்பர்.

இவ்வெண்ணம் பிறந்த கதையும் இதைப் போன்றதே. ஒஸ்லோ நகரில் ஓலெ யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் ஆகிய இருவர், சுங்கச் சாவடியின் முன் வரிசையில் நிற்கும் லொறிகளையும் பஸ்களையும் கணிப்பொறியில் நடத்திக் காட்ட எண்ணினர். இரண்டும் வரிசையில் நிற்பவை, ஆயினும் வேறானவை. அச்சிக்கலுக்குத் தீர்வு தேடியவர்கள், 1967இல் வகுப்பையும் சேய் வகுப்பையும் சிமுலா 67 மொழியில் அமைத்தனர்.

மாணவர் பெரிதும் தவறுமிடம் ஒன்றுண்டு. தொழிலாளர்க்கு லயத்தில் ஓர் அறை இருக்கிறது என்பதற்காக, "அறை" என்ற வகுப்பைத் "தொழிலாளர்" வகுப்பின் சேயாக்கிவிடுவார்கள். பால் வெட்டுபவர் ஒரு தொழிலாளர். அறையோ தொழிலாளர் அன்று, அவரிடம் உள்ளது. அதைப் பண்பாக எழுத வேண்டும். ஐயம் வரும்போது "இது அதுவா, அல்லது அதனிடம் உள்ளதா" என்று வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள்.