மாளிகைகளும் தோட்டங்களும்: உடையவரும் உழைத்தவரும்

(இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆங்கில நாட்டுப்புற மாளிகைகளையும் அவற்றின் தோட்டங்களையும் கண்டுவந்ததைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். மகன் அந்நாட்டில் பணிபுரிவதால் இரண்டு கோடைகளில் அத்தகைய மாளிகைகள் சிலவற்றைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது உண்மை. எனினும் கண்ட ரோசாப் பாத்திகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லி உங்கள் பொழுதைக் கழிக்க நான் விரும்பவில்லை. அம்மாளிகைகளுள் சிலவற்றுக்குச் சென்னையில் உடன்பிறப்புகள் உண்டு. அந்த உறவைப் பற்றியே பேச எண்ணுகின்றேன்.

ஆங்கிலேயர் ‘கன்ட்ரி ஹவுஸ்’ என்று வழங்குவதைக் கிராமத்து வீடு எனப் பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலமும், அந்நிலத்தைக் குத்தகைக்கு உழுத குடும்பங்களும், அவர்கள் செலுத்திய வாரமும் சேர்ந்ததே அது. நம் கண்ணுக்குத் தெரியும் கட்டடம் அதன் முகம் மட்டுமே. நம் நாட்டில் ஜமீன் அரண்மனைகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

வேல்ஸ் நாட்டில், இங்கிலாந்தின் எல்லையை ஒட்டிய குன்றொன்றின்மேல், செந்நிறக் கல்லால் ஆன போவிஸ் கோட்டை நிற்கின்றது. அதன் சரிவில் படிப்படியாக மேடைகள் அமைத்துத் தோட்டம் இட்டிருக்கிறார்கள். யூ என்னும் பசுமை மாறா மரங்களைப் பல தலைமுறைகளாகக் கத்தரித்து, மேகத் திரள் போல உருட்டி வைத்திருக்கிறார்கள். கண்கொள்ளாக் காட்சிதான், மறுக்கவில்லை. உள்ளே சென்றால் ஓர் அறையில் பூச்சாடிக் கோலம் அச்சிட்ட பருத்திக் கூடாரம் ஒன்று இருக்கின்றது. அது திப்பு சுல்தானுடையது. 1799 மே மாதம் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கே போய்ச் சேர்ந்தது. அக்குடும்பத்தார் பிற்காலத்தில் தங்கள் தோட்ட விருந்துகளுக்கு அதை விரித்துப் பயன்படுத்தினார்களாம். போர்க்களத்துக் கூடாரத்தின் கீழே தேநீர்!

அக்கூடாரம் அங்கே சேர்ந்த வழி சென்னை வழி. இராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநர். அவர் மனைவி ஹென்ரியட்டா போவிஸ் குடும்பத்துப் பெண். 1800-இல் தம் இரு பெண்மக்களுடன் தென்னாட்டில் நெடும்பயணம் செய்து செடிகளையும் கற்களையும் திரட்டியவர். கணவரோ, அதே ஆண்டில் அரசினர் தோட்டத்தில் வானியலாரும் பொறியாளருமான ஜான் கோல்டிங்காம் என்பவரைக் கொண்டு ஒரு விருந்து மண்டபம் எழுப்பத் தொடங்கினார். 1802-இல் முடிந்த அம்மண்டபம் சீரங்கப்பட்டண வெற்றியைக் கொண்டாடக் கட்டியது. நாம் அதை இராஜாஜி மண்டபம் என்று அழைக்கின்றோம். அறிஞர் அண்ணா, எம்.ஜி.ஆர்., செல்வி ஜெயலலிதா, கலைஞர் ஆகியோரின் உடல்களுக்கு இறுதி வணக்கம் செலுத்த நீண்ட வரிசையில் நின்றவர்கள் நம்முள்ளும் இருப்பீர்கள். அப்போது ஏறிய படிகளுக்கும் வேல்ஸ் குன்றின்மேல் உள்ள கூடாரத்துக்கும் உடையவர் ஒருவரே. பக்கத்தில் நின்ற அரசினர் மாளிகையை 1753-இல் மெதிரோஸ் என்னும் போர்த்துகேசியக் குடும்பத்து அம்மையாரிடமிருந்து கம்பெனி வாங்கியது. அதைத்தான் 2010-இல் திறக்கப்பட்ட புதிய சட்டமன்ற வளாகத்திற்காக இடித்துவிட்டோம்.

இதனினும் ஆழமானது வேறொரு கதை. இலண்டனுக்கு வடக்கே ஹர்ட்ஃபோர்டுஷயரில் உட்ஹால் பார்க் என்னும் மாளிகை உண்டு. அந்நிலத்தை 1777-இல் வாங்கி மாளிகை எழுப்பியவர் தாமஸ் ரம்போல்டு. அடுத்த ஆண்டே அவர் சென்னை ஆளுநரானார். 1780 கோடையில் ஹைதர் அலி கர்நாடகச் சமவெளியில் இறங்கி ஊர்களை எரித்தபோது, ரம்போல்டு ஏற்கெனவே கப்பலேறித் தாயகம் திரும்பியிருந்தார். நாடாளுமன்றம் அவர்மீது விசாரணை நடத்தியது. அது முடிவின்றி ஓய்ந்தது. அவர் இறந்தபின் அம்மாளிகையை வாங்கியவர் யார் தெரியுமா? பால் பென்பீல்டு. சேப்பாக்கத்தில் நவாபு முகம்மது அலி வாலாஜாவுக்கு 1768-இல் அரண்மனை கட்டித்தந்தவர் என்று சொல்லப்படும் அதே பென்பீல்டு.

கட்டடம் கட்டியவர் எப்படிக் கோமான் ஆனார்? விடை கடன் என்னும் ஒரு சொல்லில் இருக்கின்றது. நவாபுக்குப் படைச்செலவு, அரண்மனைச் செலவு, கம்பெனிக்குக் கட்டவேண்டிய தொகை என்று முடிவில்லாத பணமுடை. கம்பெனி ஊழியர்கள் தனிப்பட்ட முறையில் அவருக்குக் கொடும் வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். ஈடாக இந்தச் சீமையின் வரி, அந்தச் சீமையின் விளைச்சல் என்று எழுதி வாங்கினார்கள். களத்தில் நெல் குவியும் முன்பே அதன்மேல் கடன்காரனுடைய முத்திரை விழுந்துவிடும். தஞ்சைச் சீமையின் விளைச்சல்மீது பென்பீல்டு கொண்டாடிய உரிமை, 1776-இல் ஆளுநர் பிகட்டையே அவருடைய ஆலோசனைச் சபையினர் சிறைவைக்கும் அளவுக்குப் போயிற்று. பிகட் காவலிலேயே 1777-இல் இறந்தார். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் முழங்கியபோது, அவருடைய சொல்லம்புக்கு முதல் இலக்கு பென்பீல்டுதான்.

அக்காலத்தில் நம் ஊர்களின் நிலை என்ன? பூவிருந்தவல்லி உள்ளிட்ட செங்கற்பட்டுச் சீமையை நவாபு 1763-இல் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். கம்பெனியோ அதை 1780 வரை அவருக்கே குத்தகைக்கு விட்டுவைத்தது. ஏரிப் பாசனத்தில் விளைந்த நம் நெல்லும் அந்தக் கடன் சுழலின் விளிம்பில் இருந்ததுதான். பென்பீல்டின் செல்வமும் நிலைக்கவில்லை. உட்ஹால் 1801-இல் கைமாறியது. அவர் 1810-இல் பாரிசில் வறுமையில் மாண்டார். மாளிகையில் பின்னாளில் ஒரு பள்ளி வந்தது. நம் சேப்பாக்கம் அரண்மனையோ, கடைசி நவாபு 1855-இல் மறைந்தபின் ஏலத்துக்கு வந்து அரசின் கைக்குப் போயிற்று. 2012 சனவரியில் கலச மகால் தீக்கிரையாகி, பிறகு பழுதுபார்க்கப்பெற்றது.

கம்பெனி ஊழியர்கள் நாடு திரும்பும்வரை இங்கே குடியிருந்தவை தோட்டவீடுகள். கோட்டைக்கு எதிரிகளால் அச்சம் நீங்கியபின், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேற்கிலும் தெற்கிலும் பரந்த வெளியில் அவை எழுந்தன. வண்டி வந்து நிற்க முகப்பு மண்டபம், உயர்ந்த தூண்கள், சிப்பிச் சுண்ணாம்பை அரைத்துப் பூசிப் பளிங்குபோல் தேய்த்த சுவர்கள், தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிய மெத்தைத் தளம் ஆகியவை அவற்றின் இலக்கணம். கூலியும் கைத்திறனும் பெரும்பாலும் நம்மவருடையவை. நகரில் பல பெயர்கள் அந்தத் தோட்டங்களின் மிச்சம்: ஆண்டர்சன் சாலை, கீழ்ப்பாக்கம் தோட்டம், போயஸ் தோட்டம். இவற்றுள் ஆண்டர்சன் ஒருவரைத் தனியே சொல்லவேண்டும். மருத்துவரான அவர் நுங்கம்பாக்கத்தில் வைத்த தோட்டம் சோதனைச்சாலையாகவே இருந்தது. பட்டுப்பூச்சிக்கு முசுக்கட்டை, சாயப்பூச்சிக்குச் சப்பாத்திக்கள்ளி என்று ஓயாமல் முயன்றவர்.

மேலைநாட்டில் இத்தகைய மாளிகைகள் எப்படிப் பிழைத்தன என்று கேட்கலாம். பலவும் பிழைக்கவில்லை. நிலவருவாய் சரிந்து, இறந்தோர் சொத்தின்மீது வரி ஏறியபின், இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாளிகைகள் இடிபட்டன. 1974-இல் இலண்டன் அருங்காட்சியகம் ஒன்று அந்த அழிவையே பொருளாகக் கொண்டு கண்காட்சி வைத்தது. எஞ்சியவற்றுள் பலவற்றை 1895-இல் தோன்றிய தேசிய அறக்கட்டளை ஏற்று, நுழைவுச்சீட்டு வைத்துக் காத்துவருகின்றது. அவ்வறக்கட்டளையே 2020-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, அடிமை வாணிகத்தோடும் குடியேற்ற ஆட்சியோடும் தொடர்புள்ள 93 இடங்களைப் பெயர் சொல்லிக் குறித்தது. அதனால் அதன் உறுப்பினர்களிலேயே சிலர் சினந்தார்கள். மரத்தடியில் அமர்ந்து கேக் தின்ன வந்தவர்களிடம் கணக்கேட்டைக் காட்டினால் சினம் வராதா?

நம் ஊரில் பிழைத்தவை யாவும் ஏதேனும் ஒரு நிறுவனம் குடிபுகுந்ததால் பிழைத்தவை. சேமியர்ஸ் சாலைக்குத் தெற்கே, அடையாற்றங்கரையில் ஜேம்ஸ் பிராடி 1798-இல் முடித்த கோட்டை, பிற்காலத்தில் ‘தென்றல்’ என்னும் பெயருடன் இசைக் கல்லூரியாயிற்று. பிராடி 1801-இல் அதே ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்தார். டவ்டன் மாளிகையில் 1916 முதல் மகளிர் கிறித்தவக் கல்லூரி நடைபெறுகின்றது. மௌப்ரே தோட்டம் மெட்ராஸ் கிளப்பாக இருக்கின்றது. உறுப்பினர் அல்லாதார் மதிலைத்தான் பார்க்கலாம். ஹடில்ஸ்டன் தோட்டத்தை 1882-இல் பிரம்மஞான சபையார் வாங்கினார்கள். அங்குள்ள ஆலமரத்தின் அடிமரம் 1989-இல் காற்றில் சாய்ந்தபின்னும் விழுதுகள் அதைத் தாங்கி நிற்கின்றன.

இவற்றை அந்நியன் எச்சம் என்று இடிக்கச் சொல்வோரையும் நான் அறிவேன். அழகு போயிற்றே என்று கண்ணீர் வடிப்போரையும் அறிவேன். இரு சாராருக்கும் கட்டடம் மட்டுமே கண்ணில் படுகின்றது. ஏற்றம் இறைத்தவன் யார், கோடையில் குடம் சுமந்தவள் யார், மரத்துக்கு மரம் பாத்தி கட்டியவன் யார்? போவிஸிலும் சரி, நுங்கம்பாக்கத்திலும் சரி, உடையவர் பெயர் வாயிலில் இருக்கின்றது. தோட்டக்காரர் பெயர் ஊதியப் பட்டியலோடு போய்விட்டது.

இங்கேதான் நம் பகுதியின் பெருமையை நினைத்து வியக்கின்றேன். நகரத்தார் பேட்டைகளுக்குத் துரைகளின் பெயர்; நம் ஊர்களுக்கோ மரஞ்செடிகளின் பெயர். மாங்காடு, வேற்காடு, அத்திப்பட்டு, பருத்திப்பட்டு, முல்லைவாயில். பூவிருந்தவல்லியில் ஒரு தோட்டக்காரரின் பெயர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக நிலைத்து நிற்கின்றது. திருக்கச்சி நம்பிகள் இவ்வூரில் நந்தவனம் வைத்து, மலர் பறித்துத் தொடுத்து, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சிக்கு எடுத்துச் சென்று பேரருளாளனுக்குச் சாத்தியவர் என்று வைணவ மரபு போற்றுகின்றது. இராமாநுசரே அவரை ஆசானாக மதித்தார். இவ்வூர்க் கோயிலில் அவருக்குத் தனிச் சன்னதி உண்டு. அந்த நிலம் யாருடையது என்று இன்று எவரும் கேட்பதில்லை.

அடுத்து ஒரு வேண்டுகோள். 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்னும் பொறியாளர் ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க்கணக்கர்கள் தமிழ் ஓலைகளில் எழுதிவைத்தவற்றில் ஏரி எவ்வளவு, தோப்பு எவ்வளவு, எந்தத் தொழிலாளிக்கு விளைச்சலில் என்ன பங்கு என்பதெல்லாம் உண்டு. தரம்பால் அவர்கள் அவற்றைத் தேடி வெளிக்கொணர்ந்ததால் நமக்குத் தெரிந்தது. அதன்பின் இரண்டரை நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. தொழிற்பேட்டையும் படைக்கலத் தொழிற்சாலையும் வந்தபோது எந்தத் தோப்பு போயிற்று, எந்தக் கிணறு மூடப்பட்டது என்பதைச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, தோப்பின் பெயர், மரத்தின் பெயர், நீர் இறைத்தவர் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக் கொண்டுவந்தால், அடுத்த ஆண்டுக்குள் ஒரு கையேடு ஆகிவிடும். நான் அத்திப்பட்டை எடுத்துக்கொள்கிறேன். அடுத்த மாத இரண்டாம் ஞாயிறன்று, விருப்பமுள்ளவர்கள் காலை 7 மணிக்கு அம்பத்தூர் இரயில் நிலையத்துக்கு வந்தால், சேப்பாக்கம் அரண்மனையையும் இராஜாஜி மண்டபத்தையும் வெளியிலிருந்தேனும் சேர்ந்து பார்த்துவரலாம்.