மணிக்குக் காது கேட்காது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காற்றாலை பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைச் சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள், சொல்கிறேன். நான் பேசப்போவது நம் இயற்பியல் சார் வீட்டு நாயைப் பற்றி. சார் முன்வரிசையில்தான் இருக்கிறார். பேரைச் சொல்லாதே என்று வாசலிலேயே எச்சரித்துவிட்டார்!

நான் இங்கே படித்தது 2008 முதல் 2011 வரை. அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை. சார் வீடு இலஞ்சிப் பக்கம். ராஜபாளையத்து நண்பர் ஒருவர் குட்டி கொடுத்தார். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005-இல் அஞ்சல் தலையில் வந்த அதே இனம். "மணி" என்று பெயர் வைத்தார் சார்.

மணியின் சேட்டை கொஞ்சமா! சாரின் செருப்பில் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடும். ஒரு நாள் ஒரு காலில் கறுப்பு, ஒரு காலில் பழுப்பு என்று வகுப்புக்கு வந்தார். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் இலஞ்சி வரை அடிக்குமே, மணி அதில் நன்றாக நனைந்துவிட்டு வந்து, சரியாக விடைத்தாள் கட்டுக்குப் பக்கத்தில் நின்று உடம்பை உதறும். மை கரைந்த தாள்களில் என்னுடையதும் ஒன்று. அதற்கு முழு மார்க் வந்தது என்று நான் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அந்தத் தீபாவளிக்குத் தெரு நாய்களெல்லாம் வண்டிக்கடியில் ஒடுங்கின. மணி மட்டும் சரவெடியைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு நின்றது. சாருக்குச் சந்தேகம் தட்டியது. முதுகுப் பக்கம் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தார். திரும்பவே இல்லை.

வெள்ளை ராஜபாளையம் நாய்களில் இது உண்டு. உட்செவியில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடும். மருந்து கிடையாது.

நண்பர் பதறிப்போய், "கொண்டு வாங்க சார், வேற குட்டி மாத்தித் தாரேன்" என்றார்.

"மாத்திட்டு, இத என்ன செய்வீய?" என்று சார் கேட்டார். பதில் வரவில்லை. மணி இலஞ்சியிலேயே இருந்துவிட்டது.

கூப்பிடுவது எப்படி? சார் தரையை உதைத்துப் பார்த்தார். சிமெண்டுத் தரை, அசையுமா? பழைய கதவுப் பலகை ஒன்றைத் திண்ணையில் போட்டு மணியை அதில் படுக்க வைத்தார். பலகை ஓரத்தில் கால் வைத்தாலே போதும், மணி எழுந்துவிடும். இருட்டில் டார்ச் லைட். "வா", "உட்கார்" என்பதற்கெல்லாம் கைச் சைகை. சங்கிலி இல்லாமல் ரோட்டுக்குக் கூட்டிப்போக மாட்டார். லாரி ஹாரன் அதற்குக் கேட்காதே. எங்களுக்கும் ஒரு சட்டம்: பின்னாலிருந்து தொடக்கூடாது, முகத்துக்கு நேரே வரணும்.

நான் தமிழ் மீடியத்தில் படித்தவன். முதல் வருஷம் வகுப்பில் ஒன்றும் விளங்காமல், படிப்பை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பலகையில் உட்கார வைத்து, மறு ஓரத்தை மிதித்தார். "தெரியுதா?" "தெரியுது சார்." கொஞ்சம் தள்ளி சிமெண்டில் உதைத்தார். "இப்ப?" "இல்ல சார்." "ஏன்னு யோசிச்சுட்டு நாளைக்கு வால."

மறுநாள் போனேன். விறைப்பும் எடையும் கூடினால் அசைவு குறையும் என்பதைத் தமிழிலேயே என் வாயால் சொல்ல வைத்தார். ஆங்கிலப் புத்தகத்தை அதற்கப்புறம்தான் திறந்தார். இன்று கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் நான் பார்க்கிற வேலையும் அதிர்வை அளப்பதுதான். கோபுரத்தில் ஏறும் போதெல்லாம் அந்தத் திண்ணைப் பலகை ஞாபகம் வரும்.

மணி வயதாகித்தான் இறந்தது. இப்போது சார் வீட்டில் ஒரு நாட்டு நாய். காது பிரமாதமாகக் கேட்கும். கூப்பிட்டால்தான் வராது. போன மாதம் பார்க்கப் போனேன். சார் அதன் பின்னால் "ஏய், ஏய்" என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை.