ஆஸ்பிரின் வேலை செய்யவில்லையா?



மாரடைப்பு கண்டு, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களின் மருந்துப் பையில் பெரும்பாலும் ஆஸ்பிரின் என்னும் சிறு மாத்திரை இருக்கும். "சில உடம்புக்கு அது வேலை செய்யாதாம்" என்றொரு பேச்சு நம் காதிலும் விழுகிறது. இதை நம்பி மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ஆதலால் உண்மை என்னவென்று பார்ப்போம்.

வாளியில் உள்ள பால் கட்டிப் போகாமலிருக்க அமோனியா விடுவது பால்வெட்டுக் குடும்பங்களுக்குத் தெரிந்ததுதான். பள்ளியில் பிள்ளைகளுக்கும் நாங்கள் இதைச் சொல்லித்தான் விளக்குகிறோம். இரத்தத்துக்கும் கட்டிப் போகும் குணம் உண்டு. கத்தி பட்ட விரலில் இரத்தம் நிற்பது அதனால்தான். அந்த வேலையைத் தொடங்கி வைப்பவை தட்டணுக்கள். இருதயக் குழாயில் படிந்த கொழுப்பு வெடித்தால் அங்கேயும் அவை ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், குழாய் அடைபடும். அப்படி ஒட்டத் தூண்டும் பொருள் உண்டாகாதபடி ஆஸ்பிரின் தடுக்கிறது. ஆஸ்பிரின் வேலை செய்யும் வழியை 1971-இல் வெளிப்படுத்திய ஜான் வேன் என்ற ஆங்கிலேய அறிஞர், 1982-இல் நோபல் பரிசு பெற்றோரில் ஒருவர்.

ஒரு தட்டணு எட்டு முதல் பத்து நாள் வாழும். ஆஸ்பிரின் பட்ட தட்டணு தன் ஆயுள் முடியும்வரை மீளாது. ஆனால் நாள்தோறும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு புதிதாகப் பிறக்கிறதே! புதியவற்றுக்கு நேற்றைய மாத்திரை தெரியாது. தினமும் விழுங்கச் சொல்வது இதற்காகத்தான். 'ஆஸ்பிரின் எதிர்ப்பு' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாததே.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் நோயற்ற 400 பேரைச் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். குடலில் கரையும்படி மேற்பூச்சிட்ட மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு முதலில் மருந்து பலிக்காதது போலத் தோன்றியது. பூச்சு காரணமாக மருந்து தாமதமாகச் சேர்ந்ததே காரணம். உண்மையான எதிர்ப்பு ஒருவரிடமும் உறுதிப்படவில்லை.

இன்னொரு காரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கும் ஐபுபுரோஃபென் மாத்திரையை முதலில் விழுங்கினால், ஆஸ்பிரின் உட்காரவேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். சில மணி நேரத்தில் அது எழுந்து போகும். அதற்குள் ஆஸ்பிரின் இரத்தத்தை விட்டே போயிருக்கும். ஆகவே வலி மாத்திரை வாங்குமுன் மருந்தாளரிடம் இருதய மருந்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

இனிப்புநீர் உள்ளவர்களின் கதை சற்று வேறு. அவர்களுக்குத் தட்டணுக்கள் விரைவாகப் பிறப்பதால், காலையில் சாப்பிட்ட மாத்திரையின் பலன் மறுநாள்வரை முழுதாக நிற்காமல் போகலாம். அதற்காக நாமாக இரண்டு விழுங்குவது தவறு. இரைப்பையில் இரத்தம் கசியும். அளவை மாற்றுவதோ வேறு மருந்து சேர்ப்பதோ மருத்துவர் பொறுப்பு.

டெங்கிக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பிரின் சாப்பிடுவதை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மலம் தார்போல் கறுத்துப் போனால் மறுநாள் வேலை முடியட்டும் என்று காத்திராமல், அன்றே மாத்திரை அட்டையுடன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.