படிக்கும் கருவியும் திருத்தும் கருவியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா என்றால் இலக்கியப் பேருரையும் இன்னிசையும் நாடகமும் நம் குழந்தைகளின் நடனமும் இடம்பெறுதல் வழக்கம். அவற்றினிடையே கணினியைப் பற்றி, அதிலும் ஒரு கோப்பினைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் படிக்க உதவும் ஒரு சிறு கருவியைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தபொழுது நான் தயங்கினேன். “நம் நூலகப் பட்டியலுக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்லுங்கள், அதுவே போதும்” என்றார். அந்தப் பிழையைச் செய்தவன் நானே. ஆகலின் மறுத்துரைக்க வழியில்லாமற் போயிற்று.

நம் சங்க நூலகத்திலுள்ள நூல்களின் பெயர், ஆசிரியர் பெயர், அலமாரி எண் ஆகியவற்றை ஒரு கோப்பில் தட்டெழுதி வைத்திருந்தவர் நம் மூத்த உறுப்பினர் ஒருவர். அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், மாலை நேரங்களில் தனியே அமர்ந்து பல மாதங்கள் உழைத்து அவர் ஆக்கிய பட்டியல் அது. ஒருநாள் அன்பர் ஒருவர் ஒரு நாவல் நம்மிடம் உண்டா என்று வினவினார். அதனைப் பார்த்துச் சொல்வதற்காக, எழுதவும் திருத்தவும் பயன்படும் ஒரு கருவியில் அக்கோப்பினைத் திறந்தேன். நூல் இருந்தது. கோப்பினை மூடும்பொழுது என்னையறியாமல் சேமிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டேன். ஓர் எச்சரிக்கை தோன்றிற்று. அதனைப் படியாமலே ‘சரி’ என்று அழுத்தினேன். மறுநாள் திறந்து பார்த்தால் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை! வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகளே நின்றன. தமிழை அறியாத ஒரு பழைய குறியீட்டில் கோப்பு சேமிக்கப்பட்டுவிட்டது. எழுத்துகள் மறைந்து கிடக்கவில்லை, அழிந்தே போயின. எக்கருவியாலும் அவற்றை மீட்க இயலாது.

பெரியவரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் சினந்து கொள்ளவில்லை. “தம்பி, படிக்க வந்தவர் கையில் பேனா எதற்கு?” என்று மட்டும் கேட்டார். நல்லூழாக, தாளில் அச்சிட்ட பழைய படி ஒன்று அவரிடம் இருந்தது. அதனை வைத்துக்கொண்டு பல ஞாயிற்றுக்கிழமைகள் இருவரும் அமர்ந்து முழுவதையும் மீண்டும் தட்டெழுதினோம். அவர் கேட்ட கேள்விக்கு விடைதான் இன்று நான் பேசப்போகும் கருவி.

இதன் பெயர் ‘லெஸ்’. இதற்கு முன் பிறந்ததன் பெயர் ‘மோர்’. மோர் என்றவுடன் தாய்மார்களுக்குக் கோடைக்காலத்துப் பானகமும் நீர்மோரும் நினைவிற்கு வரலாம். இஃது அந்த மோர் அன்று. ஆங்கிலத்தில் ‘இன்னும்’ என்று பொருள்படும் சொல்.

முற்காலத்தில் கணினியோடு உரையாடியவர்கள் தட்டச்சுப் பொறி போன்ற ஒரு பொறியைப் பயன்படுத்தினர். கணினி தரும் விடை நீண்ட தாளில் அச்சாகி வரும். தாள் கையில் இருப்பதால் முன்னே சென்றதைத் திரும்பப் பார்த்தல் எளிது. பின்னர்க் கண்ணாடித் திரை வந்தது. அக்காலத் திரைகளில் பெரும்பாலும் 24 வரிகளே தெரியும். நூறு வரியுள்ள கோப்பினைக் காட்டு என்றால், அது கண்ணிமைக்கும் நேரத்தில் மேலே ஓடி மறையும். கடைசி 24 வரிகளே எஞ்சும். தாளில் இருந்த வசதி திரையில் இல்லாது போயிற்று.

இக்குறையைத் தீர்க்க, அமெரிக்காவில் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த டேனியல் ஹால்பர்ட் என்பவர் 1978ஆம் ஆண்டில் ‘மோர்’ என்னும் கருவியை எழுதினார். ஒரு திரை அளவு காட்டி அது நின்றுவிடும். கீழே ‘இன்னும் உண்டு’ என்று அறிவிக்கும். விசையை அழுத்தினால் அடுத்த திரை வரும். பந்தியில் இலையில் உள்ளதை உண்டு முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு பரிமாறுகிறவரைப் போன்றது அது. ஆனால் ஒரு குறை: முன்னே செல்லுமேயன்றிப் பின்னே திரும்பி வரத் தொடக்கத்தில் அதற்குத் தெரியாது.

பின்னோக்கியும் புரட்டத்தக்க ஒரு கருவி வேண்டும் என்று கருதிய மார்க் நூடல்மன் என்பவர் 1983ஆம் ஆண்டில் புதிய கருவியை எழுதத் தொடங்கி, 1985இல் அதனை உலகிற்கு இலவசமாக வழங்கினார். ‘குறைவே நிறைவு’ என்று பொருள்படும் ஓர் ஆங்கில வழக்கு உண்டு. அதனை வைத்து விளையாட்டாக, ‘மோர்’ என்பதற்கு எதிர்ச்சொல்லான ‘லெஸ்’ என்பதையே அதற்குப் பெயராக இட்டனர். பெயரில் குறைவு, செயலில் நிறைவு. இன்று லினக்ஸ், மேக் ஆகிய கணினிகளில் இக்கருவி உடன் வருகிறது. விண்டோஸின் கட்டளைத் திரையில் ‘மோர்’ என்னும் பெயரிலேயே ஓர் எளிய கருவி உண்டு.

இனி இதனைக் கையாளும் முறையைக் காண்போம். கட்டளைத் திரையில் ஆங்கில எழுத்துகளில் ‘லெஸ்’ என்று எழுதி, சிறிது இடம் விட்டு, கோப்பின் பெயரை எழுதி, எண்டர் விசையை அழுத்தினால் முதற்பக்கம் தோன்றும். ஸ்பேஸ் விசை அடுத்த பக்கத்தைக் காட்டும். ‘பி’ விசை முந்தைய பக்கத்தைக் காட்டும். சிறிய ‘ஜி’ கோப்பின் தொடக்கத்திற்கும், பெரிய ‘ஜி’ முடிவிற்கும் கொண்டு செல்லும். சாய்கோட்டினை இட்டு ஒரு சொல்லை எழுதினால், அச்சொல் அடுத்து வரும் இடத்தைக் காட்டும். ‘என்’ விசையை அழுத்த அழுத்த, அச்சொல் வரும் இடங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டேயிருக்கும். கேள்விக்குறியை இட்டால் தேடல் பின்னோக்கிச் செல்லும்.

இவ்வளவு சொல்லி, வெளியே வரும் வழியைச் சொல்லாவிட்டால் நான் பெரும்பிழை செய்தவனாவேன். நம் இளைஞர்கள் பலர் லினக்ஸ் கணினியில் உதவிக் குறிப்பினைக் கேட்பர். அக்குறிப்புப் பெரும்பாலும் இக்கருவியின் வழியாகவே திரையில் விரியும். படித்து முடித்த பின்னர் வெளியேறத் தெரியாமல் திகைப்பர். சக்கர வியூகத்தினுள் புகத் தெரிந்து மீளத் தெரியாத அபிமன்யுவின் நிலையே அது! இறுதியில் திரையையே மூடிவிடுவர். கணினியை அணைத்தோரும் உண்டு. வழி மிக எளிது: ‘கியூ’ என்னும் ஒரே விசை. ‘எச்’ விசையை அழுத்தினால் கருவியே தன் கட்டளைகள் அனைத்தையும் பட்டியலிட்டுக் காட்டும்.

இக்கருவியின் சிறப்புகளுள் இரண்டினை இங்கு வற்புறுத்த விரும்புகிறேன்.

முதலாவது, இது படிக்க மட்டுமே வல்லது. எந்த விசையைத் தவறி அழுத்தினாலும், படிக்கின்ற கோப்பில் ஓர் எழுத்தும் மாறாது. ‘வி’ விசையை அழுத்தினால் திருத்தும் கருவிக்கு அழைத்துச் செல்லும். அங்கே சென்றால்தான் மாற்ற இயலும். நூலகத்தில் படிக்கும் அறையும், ஏடுகளைச் செப்பனிடும் அறையும் தனித்தனியே இருத்தல் போன்றது இது. அன்று நான் இதனைக் கொண்டு பட்டியலைத் திறந்திருப்பேனாயின் பெரியவரின் உழைப்பு வீணாகியிராது.

இரண்டாவது, கோப்பு எவ்வளவு பெரிதாயினும் முதற்பக்கம் உடனே தோன்றும். திருத்தும் கருவிகள் பல, கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிய பின்னரே முகத்தைக் காட்டும். ‘லெஸ்’ அவ்வாறு செய்வதில்லை. கேட்ட பக்கத்திற்கு வேண்டிய பகுதியை மட்டும் படிக்கும். ஆதலின் கணினிக் கூடங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு இஃது அன்றாடத் துணை. இயந்திரங்கள் தம் செயல்களை நொடிக்கு நொடி எழுதி வைக்கும் கோப்புகளுக்கு லாக் என்று பெயர். நள்ளிரவில் ஒரு பணி நின்றுபோனால், காரணம் அந்த லாக் கோப்பில்தான் கிடக்கும். பெரிய ‘எஃப்’ விசையை அழுத்திவிட்டால், கோப்பின் முடிவில் காத்திருந்து, புதிதாக எழுதப்படும் வரிகளை உடனுக்குடன் காட்டும். கண்ட்ரோல் விசையோடு ‘சி’ விசையை அழுத்தினால் அக்காத்திருத்தல் நின்று மீண்டும் புரட்டலாம். நம் காலனியில் விடிய விடிய விளக்கெரியும் வீடுகள் சில உண்டு. பிள்ளை என்ன செய்கிறான் என்று கவலையுறும் பெற்றோர் இதனை அறிந்துகொள்க!

நிற்க. இக்கருவியில் நம் தமிழ் எவ்வாறு தோன்றும் என்பதே நமக்கு முதன்மையான வினா.

இன்று உலகில் வழங்கும் யூனிகோடு முறையில் தமிழுக்கெனத் தனி இடம் உண்டு. அதனைக் கோப்பில் எழுதும் யூ.டி.எஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ அது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக 15 பைட்டுகள். கணினியின் மொழி அமைப்பு யூ.டி.எஃப்-8 என்று இருந்தால் ‘லெஸ்’ இவற்றைச் சேர்த்துத் தமிழாகக் காட்டும். அமைப்புத் தவறினால், ஒரு ககரம் நிற்க வேண்டிய இடத்தில் கோண அடைப்புகளுக்குள் மூன்று விளங்காக் குறிகள் நிற்கும். அதனைக் கண்டு அஞ்ச வேண்டா. என் கைப்பட்ட பட்டியலைப் போல அங்கே எழுத்து அழிந்துவிடவில்லை. கண்ணாடி அழுக்காயிருக்கிறது, முகம் நன்றாகவே இருக்கிறது. அமைப்பினைத் திருத்தினால் தமிழ் மீண்டும் தோன்றும். இந்த வேறுபாட்டை அறியாமல், கோப்பே கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடுவோர் உளர். அழிப்பதற்கு முன் ஒருமுறை இக்கருவியில் பார்த்தல் நலம்.

தமிழ்ச் சொல்லைத் தேடும்பொழுது ஒரு நுட்பம் அறிதல் வேண்டும். ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஆகலின் ‘கொற்றவை’ என்று தேடிக் கிடைக்காவிடின், அந்நூல் இல்லை என்று உடனே முடிவு செய்துவிடலாகாது. ‘ற்றவை’ என்றும் ஒருமுறை தேடிப் பார்த்தல் வேண்டும். நம் பட்டியலை மீண்டும் தட்டெழுதியபொழுது, பெரியவர் வீட்டுக் கணினியில் ஒருவகையாகவும் என் கணினியில் மற்றொரு வகையாகவும் எழுதி, பின்னர் இடர்ப்பட்டே இதனைக் கற்றுக்கொண்டோம்.

பழைய கோப்புகளின் நிலை வேறு. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தினை நீங்கள் அறிவீர்கள். உலகின் பல நாடுகளில் வாழும் தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டெழுதித் தந்த தமிழ் நூல்கள் அதன்வழி எல்லார்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அதன் தொடக்க ஆண்டுகளில் நூல்கள் டிஸ்கி முதலிய குறியீடுகளில் வெளிவந்தன. பின்னர் யூனிகோடு முறை வந்தது. அக்காலத்தில் இறக்கி வைத்த டிஸ்கிக் கோப்பினை இன்று நேரே திறந்தால் ஒன்றும் விளங்காது. லினக்ஸில் ‘ஐகான்வ்’ என்னும் மாற்றுங் கருவி உண்டு. அது தரும் விடையை ஒரு நெடுங்கோட்டின் வழியாக ‘லெஸ்’ கருவிக்குள் செலுத்தலாம். ஒரு கருவியின் விடையை மற்றொன்றிற்குக் குழாய் வழியே நீர்போல் பாய்ச்சும் இம்முறை 1973 முதல் யூனிக்ஸ் அமைப்பில் இருந்து வருகிறது. இவ்வாறு செய்தால் மூலக் கோப்பு மாறாமலே இருக்க, நாம் தெளிந்த தமிழைப் படிக்கலாம்.

இக்கருவியால் ஆகாதனவும் உண்டு. எழுத்தின் வடிவும் வண்ணமும் படமும் கலந்த ஆவணங்களை இது செவ்வனே காட்டாது. வெறும் எழுத்துக் கோப்புகளுக்கே இது உரியது. ஆயினும், எளிய எழுத்துக் கோப்பே நெடுநாள் வாழத்தக்கது என்பது என் துணிபு. அலங்கார ஆவணத்தைத் திறக்க அதனை ஆக்கிய மென்பொருள் வேண்டும். அம்மென்பொருள் வழக்கொழிந்தால் ஆவணமும் வாய் மூடிவிடும். எழுத்துக் கோப்பிற்கு அத்தகைய தளை இல்லை.

அன்பர்களே! பிறந்த ஊரை விட்டு வந்து, வேற்றுமொழி வழங்கும் நகரில் நாம் ஒரு நூலகத்தைக் காத்து வருகிறோம். நம் பிள்ளைகள் தமிழை நேரே கண்டு தொடும் இடங்கள் இங்குச் சிலவே. அவற்றுள் அந்நூலகம் ஒன்று. ஆதலின் மூன்று வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறேன். நூலகப் பட்டியலையும் கூட்டக் குறிப்புகளையும் யூனிகோடு எழுத்துக் கோப்புகளாகவே வைத்தல் வேண்டும். மூலக் கோப்பினைத் திருத்தும் உரிமை ஒருவர் அல்லது இருவரிடமே இருத்தல் வேண்டும். ஏனையோர் படிக்கும் கருவியிலேயே பார்த்தல் வேண்டும். அதன் படிகள் மூன்று வெவ்வேறு வீடுகளில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று தாளில் அச்சிட்டதாயிருத்தல் நலம். தாள்தான் நம்மை ஒருமுறை காப்பாற்றியது என்பதை நாம் மறத்தலாகாது.

இக்கருவியைக் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்களும் தாய்மார்களும் ஞாயிறு மாலை நூலகத்திற்கு வரலாம். பெரியவரும் வருவார். கோப்பில் ஒரு சொல்லைத் தேடிக் காட்டிவிட்டு ‘கியூ’ விசையை அழுத்தி வெளியே வரும் முதல் குழந்தைக்கு அவர் கையாலேயே ஒரு நூல் பரிசளிப்பதாகச் சொல்லியிருக்கிறார். பேனா இல்லாமல் வாருங்கள்!