இரத்தக் குழாய் வெறும் குழாய் அல்ல

 

நான் டாக்டர் அல்ல; பிரிக்பீல்ட்ஸில் மளிகை வியாபாரம் செய்பவன். பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்தபோது, குழாயில் அழுக்குப் படிந்தால் ஒருநாள் அடைத்துக்கொள்ளும் என்று கற்றேன். மாரடைப்பும் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் அத்தா கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். "வலியே இல்லை, எனக்கென்ன நோய்?" என்று அதற்கு முந்திய வாரம்வரை சொன்னவர்கள். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார்கள். பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

இரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் உயிருள்ள விரிப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு எண்டோதீலியம் என்று பெயர். அதன் செல்கள் கண்ணுக்குத் தெரியாத சிறு பொட்டலங்களை இரத்தத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. தட்டணுக்களிலிருந்து பிரியும் இத்தகைய துகள்களுக்கு 1967இல் பீட்டர் வுல்ஃப் என்ற ஆய்வாளர் 'தூசி' என்றே பெயரிட்டார். ஆனால் அவை வெறும் தூசி அல்ல. உள்ளே சரக்கு உண்டு.

கடை எப்படியோ, பொட்டலமும் அப்படி. நலமான செல் அனுப்புவதில், காயம்பட்ட செல்லை ஆற்ற உதவும் செய்தியும் இருக்கும். புகை, இனிப்பு நீர், உயர் இரத்த அழுத்தம் இவற்றால் அடிபட்ட செல்லோ கெட்ட சரக்கை அதிகமாக அனுப்பும். அது வெள்ளணுக்களைக் குழாய்ச் சுவரில் ஒட்டவைக்கும், அழற்சியை வளர்க்கும், இரத்தம் உறைய வழி செய்யும். பிறர் விட்ட புகையில் சிறிது நேரம் இருந்தாலே இவை இரத்தத்தில் கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இவ்வளவும் வலியில்லாமலே நடக்கும்.

இந்தப் பொட்டலங்களை எண்ணும் சோதனை சாதாரண கிளினிக்கில் கிடையாது. ஆனால் அவற்றைத் தூண்டுபவற்றை அளக்கலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. சென்ற ஆண்டு நானும் சோதித்தேன். பிரஷர் கூடியிருந்தது. எனக்கும் வலி ஏதும் இல்லை.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். சகோதரர்களே, இந்த மாதமே போய் இனிப்பு, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றையும் பாருங்கள். கூட்டம் முடிந்து தே தாரிக் குடிக்கச் சேர்ந்தே போவோம். வாசலில் நின்று சிகரெட் பற்றவைப்பதை மட்டும் விட்டுவிடுவோம். பக்கத்தில் நிற்பது நம் பிள்ளை.