விவாக உரிமை: இதுவும் உழைப்பாளி மக்களின் பிரச்னையே

(தொழிற்சங்க ஊழியர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

ஒரே பாலைச் சேர்ந்த இருவர் விவாகம் செய்துகொள்வதைச் சட்டம் அங்கீகரிக்க வேண்டுமா, வேண்டாமா? இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். கூலி உயர்வு, போனஸ், ஆள்குறைப்பு என்று தலைக்கு மேல் பிரச்னைகள் இருக்கும்போது தொழிற்சங்க ஊழியர்களுக்கு இந்த விவாதம் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இந்த உரையின் நோக்கம்.

கோர்ட்டில் நடந்தது என்ன?

முதலில் நடந்ததைத் தெரிந்துகொள்வோம். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு அளித்தது. வயது வந்த இருவர் மனமொத்துக் கூடி வாழ்வது குற்றமல்ல என்று சொல்லி, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை அந்த அளவுக்கு ரத்து செய்தது. ஆனால் குற்றவாளி அல்ல என்று சொல்வது வேறு, குடும்பம் என்று ஒப்புக்கொள்வது வேறு. ஆகவே பல இணையர்கள் மீண்டும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1954ஆம் ஆண்டின் விசேஷ விவாகச் சட்டத்தின் கீழ் தங்கள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டார்கள்.

ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட பெஞ்சு 2023 ஏப்ரல், மே மாதங்களில் பத்து நாட்கள் வழக்கைக் கேட்டது. 2023 அக்டோபர் 17ஆம் தேதி தீர்ப்பு வந்தது. விவாகம் செய்துகொள்வது அரசியல் சட்டம் தந்த அடிப்படை உரிமை அல்ல என்று ஐவருமே கூறினார்கள். விசேஷ விவாகச் சட்டத்தின் வாசகத்தை மாற்றுவது கோர்ட்டின் வேலையல்ல, பார்லிமெண்டின் வேலை என்றார்கள். விவாகம் இல்லாவிட்டாலும் இணைந்து வாழ்வதற்காவது சட்ட அங்கீகாரம் தர வேண்டும் என்று இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். மூவர் மறுத்தார்கள். மறுபரிசீலனை மனுக்களும் 2025 ஜனவரி 9ஆம் தேதி தள்ளுபடியாகிவிட்டன.

ஒரு விஷயத்தில் ஐவரும் ஒன்றுபட்டார்கள். ஒரு திருநங்கை ஓர் ஆணையோ, ஒரு திருநம்பி ஒரு பெண்ணையோ மணக்க இப்போதுள்ள சட்டமே போதும் என்றார்கள். இதில் தமிழ்நாடு முந்திக்கொண்டது. தூத்துக்குடியில் கோயிலில் மணம் செய்துகொண்ட ஓர் இணையரின் திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தார்கள். ஹிந்து விவாகச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று மதுரையில் உள்ள ஹைகோர்ட் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

அந்த நூற்று அறுபது ஷரத்துகள்

சுப்ரீம் கோர்ட்டில் மத்திய சர்க்கார் இரண்டு வாதங்களை முன்வைத்தது. இரண்டையும் நாம் உரசிப் பார்க்க வேண்டும்.

இது நகரத்து மேல்தட்டு மக்களின் கருத்து என்பது முதல் வாதம். தலைமை நீதிபதியாயிருந்த சந்திரசூட் தமது தீர்ப்பிலேயே இதற்குப் பதில் சொன்னார். இத்தகையோர் ஆங்கிலம் பேசும் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களில் மட்டும் இல்லை, கிராமத்தில் வயல் வேலை செய்யும் பெண்களிலும் இருக்கிறார்கள் என்ற பொருளில் அவர் எழுதினார். நமக்கு இது புதிதல்ல. ஆலையிலும் வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்பவர்களின் மனமும் எல்லா மனிதர்களின் மனத்தைப் போன்றதுதான். அவர்களுக்கு வாய்ப்பில்லாதது வெளியே சொல்லும் தைரியம். வக்கீல் வைக்கப் பணம்.

இரண்டாவது வாதம்: இதை ஒப்புக்கொண்டால் கணவன், மனைவி என்ற சொற்கள் வரும் சுமார் 160 சட்ட ஷரத்துகள் குழம்பிப் போகும் என்று சாலிசிட்டர் ஜெனரல் சொன்னார். தோழர்களே, இந்த வாதத்தைத் திருப்பிப் பாருங்கள். விவாகம் என்ற ஒரு சொல்லின் மேல் இத்தனை ஷரத்துகள் நிற்கின்றன என்றால், அந்தச் சொல் மறுக்கப்பட்டவர்களுக்கு அத்தனை உரிமைகளும் சேர்ந்து மறுக்கப்படுகின்றன என்றுதானே பொருள்? எதிர்த்தரப்பே நமக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது!

பனியன் கம்பெனியில் இருவர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அறையில் பதினைந்து வருஷம் குடும்பம் நடத்துகிறார்கள். ஒருத்தி காய்ச்சலில் படுத்தால் மற்றவள் கஞ்சி வைக்கிறாள். இருவர் கூலியும் ஒரே டப்பாவில் விழுகிறது. ஒரு நாள் மிஷின் விபத்தில் ஒருத்தி இறந்துவிடுகிறாள். மற்றவளுக்கு என்ன கிடைக்கும்?

பிராவிடண்ட் பண்டு விதிகளைப் பாருங்கள். குடும்பம் உள்ளவர் குடும்பத்தினரைத்தான் வாரிசாக நியமிக்கலாம். வெளியார் பெயரை எழுதினால் செல்லாது. குடும்பம் என்றால் யார்? கணவன், பிள்ளைகள், அவள் சம்பாத்தியத்தை நம்பியிருக்கும் பெற்றோர் முதலானவர்கள். ஊரில் அப்படி ஒரு பெற்றோர் இருந்தாலே போதும், பதினைந்து வருஷம் உடன் வாழ்ந்தவள் வெளியாள் ஆகிவிடுகிறாள். கிராஜுட்டியிலும் அதே விதி. விபத்து நஷ்டஈட்டில் ‘சார்ந்திருப்போர்’ பட்டியலிலும் அவளுக்கு இடமில்லை. உயில் இல்லாமல் இறந்தால் சொத்து ரத்த உறவுக்குப் போகும். உடன் வாழ்ந்தவள் கடைசி வரிசையில்கூட இல்லை.

தொழிலாளர் சட்டங்கள் பலவற்றைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு என்று ஒன்றாக்கி 2025 நவம்பர் 21ஆம் தேதி அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் குடும்பம் என்பதற்குப் புதிதாக வரையறை எழுதியபோதும் முதலில் நிற்பது விவாகத் துணைதான். சட்டம் ஒப்புக்கொண்ட விவாகம் இல்லாமல் யாரும் அந்தத் துணை ஆக முடியாது. பூட்டு புதிது, சாவி மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

பணக்காரருக்கு வழி உண்டு. உயில் எழுதலாம், கூட்டாகச் சொத்து வாங்கலாம், விவாகத்தை ஒப்புக்கொள்ளும் வெளிநாட்டுக்கே போய்விடலாம். கூலிக்காரருக்கு உள்ள சொத்தெல்லாம் பி.எப். பணமும், கிராஜுட்டியும், ரேஷன் கார்டும்தான். இவை ஒவ்வொன்றும் குடும்பம் என்ற சொல்லின் வழியாகவே வருகின்றன. ஆகவே இந்த உரிமை மறுப்பு ஏழையைத்தான் அதிகம் அடிக்கிறது. இது தொழிற்சங்கத்தின் பிரச்னை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பண்பாட்டின் பெயரால்

இதெல்லாம் மேல்நாட்டுப் பழக்கம், நமது பண்பாட்டுக்கு விரோதம் என்கிறார்கள். மேல்நாட்டிலிருந்து நிச்சயமாக ஒன்று வந்தது. அது 377ஆவது பிரிவு! 1860இல் வெள்ளைக்கார சர்க்கார் இயற்றிய தண்டனைச் சட்டம் அது. அந்நியன் போட்ட விலங்கைப் பண்பாட்டு நகை என்று காட்டுவது என்ன தேசபக்தி?

விவாகம் ஆதிகாலம் முதல் மாறாத புனிதம் என்றும் சொல்கிறார்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1872இல் மதச் சடங்கில்லாத விவாகத்துக்குச் சட்டம் வந்தபோது மணமக்கள் தங்கள் மதத்தையே மறுத்துக் கையெழுத்திட வேண்டியிருந்தது. 1954இல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்தது. இரு மதத்தினர் தத்தம் மதத்தைக் கைவிடாமலே மணக்க வழி பிறந்தது. 1955ஆம் ஆண்டின் ஹிந்து விவாகச் சட்டம் ஓர் ஆண் பல பெண்களை மணப்பதைத் தடுத்தது, விவாகரத்தை அனுமதித்தது. ஹிந்து சட்டத் தொகுப்பு முடக்கப்பட்டதைக் கண்டித்து அம்பேத்கர் 1951இல் மந்திரி பதவியையே துறந்தார். குடும்பம் அழியும், தர்மம் கெடும் என்று அன்றும் கூச்சல் போட்டார்கள். குடும்பம் அழியவில்லை. பெண்ணுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது.

சுயமரியாதைத் திருமணம் தந்த பாடம்

தமிழ் மக்களுக்கு இதில் சொந்த அனுபவமே உண்டு. 1920களின் கடைசியிலிருந்து சுயமரியாதை இயக்கத்தார் புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், மாலை மாற்றித் திருமணம் செய்துகொண்டார்கள். சட்டம் அவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. 1950களில் சென்னை ஹைகோர்ட் அத்தகைய திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஊரறியக் குடும்பம் நடத்திய பெண் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்ல. அவள் பெற்ற பிள்ளைக்கு வாரிசுரிமையில் வில்லங்கம்.

என்ன நடந்தது? மக்கள் அப்படித் திருமணம் செய்வதை நிறுத்தினார்களா? இல்லை. பத்தாண்டுக் கணக்கில் செய்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் சட்டம்தான் இறங்கிவந்தது. 1967இல் அண்ணாதுரை முதல் மந்திரியாயிருந்தபோது சென்னைச் சட்டசபை ஹிந்து விவாகச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும் என்றது. அதற்கு முன்பு நடந்த திருமணங்களும் செல்லும் என்றது.

விவாகத்தை உண்டாக்குவது இருவரின் சம்மதம். சர்க்காரின் வேலை அதைப் பதிவு செய்வது. இந்தப் பாடத்தைக் கற்ற மாகாணம் நமது மாகாணம்.

விவாகமே ஒரு தளை அல்லவா?

நம்மிலேயே சிலர் வேறொரு கேள்வி கேட்கிறார்கள். விவாகம் தனிச்சொத்தோடு பிணைந்த ஸ்தாபனம் என்று 1884இலேயே ஏங்கெல்ஸ் எழுதினார். அந்தத் தளைக்குள் போக ஏன் போராட வேண்டும் என்கிறார்கள். நல்ல கேள்வி. கூலி முறையை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் கூலி உயர்வுக்குப் போராடுகிறோம். ஒரு பகுதி மக்களுக்கு வேலையே கிடையாது என்று கேட்டை மூடினால், எப்படியும் இது சுரண்டல் என்று சும்மா இருப்போமா? வேண்டாம் என்று மறுக்கும் சுதந்திரமும், வேண்டும் என்று கேட்கும் உரிமை உள்ளவனுக்குத்தான் உண்டு.

சோஷலிஸ்ட் நாடுகளின் அனுபவத்தையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். புரட்சிக்குப் பின் சோவியத் ருஷ்யாவின் 1922ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம் ஆண்களிடையிலான உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1934இல் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டது. கியூபாவில் 1960களில் இத்தகையோரை வேலை முகாம்களுக்கு அனுப்பினார்கள். அது அநீதி என்று 2010இல் பிடல் காஸ்ட்ரோவே ஒப்புக்கொண்டு பொறுப்பேற்றார். 2022 செப்டம்பர் 25ஆம் தேதி அதே கியூபாவில் புதிய குடும்பச் சட்டத்தின் மீது மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. பேட்டை பேட்டையாகக் கூட்டம் போட்டு விவாதித்த பிறகு, வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒரே பாலினத்தார் விவாகத்தை அனுமதிக்கும் அந்தச் சட்டத்தை ஆதரித்தார்கள். மக்களிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னால் மக்கள் கேட்பார்கள்.

ஆசியாவிலும் கதவு திறந்துவிட்டது. தைவானில் 2019 மே மாதமும், தாய்லாந்தில் 2025 ஜனவரியிலும் சட்டம் அமலுக்கு வந்தது. பக்கத்து நேபாளத்தில் சுப்ரீம் கோர்ட்டின் இடைக்கால உத்தரவுக்குப் பின் 2023 நவம்பரில் முதல் பதிவு நடந்தது.

இன்று நம் ஊரில்

சட்ட அங்கீகாரம் இல்லாத இடத்தில் நடப்பது என்ன? போலீஸ் வருகிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரு பெண்களைத் தேடிப் பெற்றோர் புகார் கொடுத்தார்கள். போலீஸ் விசாரணை துரத்தியது. அவர்கள் ஹைகோர்ட்டில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்கே போதிய அறிவில்லை என்று சொல்லி, மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டறிந்த பிறகு 2021 ஜூனில் உத்தரவு போட்டார். போலீஸ் தொல்லை கூடாது, இவர்களை வைத்தியம் செய்து ‘மாற்றுவதாக’ச் சொல்வதைத் தடை செய்ய வேண்டும் என்றார்.

2025 மே மாதம் வேலூர் மாவட்டப் போலீசார் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்று வந்தது. வயது வந்த ஒரு பெண்ணை அவள் இஷ்டத்துக்கு விரோதமாகப் பெற்றோருடன் அனுப்பிவைத்தார்கள். வீட்டில் தன்னை அடித்ததாகவும், ‘சரியாக்க’ச் சடங்குகள் செய்ததாகவும் அவள் கோர்ட்டில் சொன்னாள். ஹைகோர்ட் அவளை விடுவித்தது. குடும்பம் அமைக்க விவாகம் ஒன்றே வழியல்ல, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று நீதிபதிகள் கூறினார்கள்.

மத்திய சர்க்கார் என்ன செய்தது? கேபினட் செக்ரட்டரி தலைமையில் கமிட்டி போட்டது. 2024இல் சில சுற்றறிக்கைகள் வந்தன. ரேஷன் கார்டில் இத்தகைய துணைவரை ஒரே குடும்பமாகக் கொள்ளலாம், பாங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்றார்கள். கிடைத்ததை வாங்கிக்கொள்வோம். ஆனால் சுற்றறிக்கை சட்டமாகாது. இன்று எழுதிய அதிகாரி நாளை அடித்துவிடலாம்.

நாம் செய்ய வேண்டியது

கோர்ட் கையை விரித்துவிட்டது. பார்லிமெண்டில்தான் முடிவாக வேண்டும் என்றால், இது மக்கள் இயக்கத்தின் பொறுப்பு என்று பொருள்.

விசேஷ விவாகச் சட்டத்தை வயது வந்த எந்த இருவரும் பதிவு செய்துகொள்ளும்படி திருத்த வேண்டும். அந்தச் சட்டத்தில் உள்ள 30 நாள் நோட்டீஸ் முறையை ஒழிக்க வேண்டும். சாதி மாறி, மதம் மாறி மணக்கும் இளைஞர்களைக் காட்டிக் கொடுப்பதும் அதே நோட்டீஸ்தான். இவை வரும்வரை, தொழிலாளி யார் பெயரை எழுதினாலும் பி.எப்., கிராஜுட்டி, விபத்து நஷ்டஈடு அவருக்கே சேரும்படி விதிகளை மாற்ற வேண்டும். சங்கக் கோரிக்கைப் பட்டியலில் இந்தக் கடைசிக் கோரிக்கையைச் சேர்க்க யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னும் எளிய வேலை ஒன்று உண்டு. உங்கள் மில்லில், டிப்போவில், பஞ்சாலையில் இத்தகைய தொழிலாளி ஒருவர் நிச்சயம் இருக்கிறார். கேலிப் பேச்சுக்கு அஞ்சி அவர் வாய் மூடியிருக்கிறார். கேலி செய்பவர் நம் சங்க உறுப்பினராயிருந்தால் அதைத் தடுப்பது நம் கடமை. பக்கத்துத் தறியில் நிற்பவரைப் பார்த்துச் சிரிக்கும் தொழிலாளி, முதலாளி முன்னால் அவரோடு கைகோத்து நிற்க முடியாது.

யாருடன் வாழ்வது என்பது அவரவர் விருப்பம். வாழ்ந்தவருக்கு உரியதை வாங்கித் தருவது சங்கத்தின் வேலை. அந்த வேலையை நாம் எடுத்துக்கொள்வோம்.