நாலு பேரும் நாமும்

(பெங்களூரில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிறர் அபிப்பிராயத்துக்குப் பயப்படாமல் தன் வழியில் வாழ்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நம் வீடுகளில் இதற்கு நேர் எதிரான ஒரு வாக்கியம் உண்டு. "நாலு பேர் என்ன சொல்லுவா?" பிள்ளை இன்ஜினீயரிங் வேண்டாம், சங்கீதம் போதும் என்றாலும் இதுதான். பெண் முப்பது வயதில் மேலே படிக்கப் போகிறேன் என்றாலும் இதுதான். அந்த நாலு பேர் யார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

பெங்களூரில் நின்றுகொண்டு இதைப் பேசினால் சர் சி.வி. ராமன் ஞாபகம் வராமல் போகாது. மல்லேஸ்வரத்தில் அவருடைய 'பஞ்சவடி' வீடு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பௌதிகம் படித்தவனாக அவர் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேச ஆசைதான். ஆனால் இன்று, அவர் விட்ட உத்தியோகத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1907-ல் நிதித்துறைப் பரீட்சையில் முதலாவதாகத் தேறி, 18 வயதிலேயே கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனவர் அவர். ஆபீஸுக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த விஞ்ஞான சங்கத்தில் ஆராய்ச்சி. 1917-ல் அசுதோஷ் முகர்ஜி அவரைப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியராக அழைத்தார். சம்பளம் ஏறத்தாழப் பாதி. வெளிநாட்டில் பயிற்சி பெற்று வரவேண்டும் என்ற நிபந்தனை வேறு. ராமன் போக மறுத்தார், நிபந்தனையைத் தளர்த்தினார்கள். உத்தியோகத்தை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஒரு இன்கிரிமென்ட் தள்ளிப்போனால் மனுவுக்கு மேல் மனு எழுதும் வர்க்கத்தைச் சேர்ந்தவன் நான். அந்த ராஜினாமாவின் கனம் எனக்குப் புரியும். 1928 பிப்ரவரி 28-ம், 1930 நோபல் பரிசும் அதற்கப்புறம் வந்தவை.

இத்தோடு நிறுத்தினால் சௌகரியமாகக் கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அதுவும் நம் ஊரில்தான் நடந்தது.

1933-ல் ராமன் இங்கே டாடா இன்ஸ்டிட்யூட்டுக்கு டைரக்டராக வந்தார். அதே வருஷம் பம்பாய் சர்வகலாசாலையில் முதலாவதாகத் தேறிய கமலா பாகவத் என்ற பெண் அங்கே ஆராய்ச்சிக்கு மனுச் செய்தார். அவர் அப்பாவும் அப்பாவின் சகோதரரும் அங்கே படித்தவர்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காக ராமன் மறுத்தார். கமலா நேரில் வந்து, என்ன காரணம் என்று கேட்டார், விடவில்லை. கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள், நிபந்தனைகளோடு. ஒரு வருஷம் ரெகுலர் மாணவி அல்ல. டைரக்டருக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் வேலைக்கு அங்கீகாரம். ஆண் ஆராய்ச்சியாளர்களின் கவனம் சிதற அவர் காரணமாக இருக்கக்கூடாது!

தன் விஷயத்தில் ஊர் வாயைப் பொருட்படுத்தாத மனிதர், ஒரு பெண்ணின் விஷயத்தில் அந்த நாலு பேரில் ஒருவராகிவிட்டார். இதைச் சொல்வதால் அவர் பெருமை குறைந்துவிடாது. தனக்குத் துணிச்சல் இருப்பது ஒன்று. அடுத்தவருடைய துணிச்சலுக்கு வழிவிடுவது வேறு. என் வயதுக்காரர்களுக்கு முதலாவதற்கான சந்தர்ப்பம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. இரண்டாவதற்கான சந்தர்ப்பம் ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் வருகிறது. "இன்னும் வரன் அமையலையா? அந்த வேலையில் என்ன வரும்?" என்று கேட்பவர்கள் யார்? இந்த ஹாலிலேயே தாராளமாக நாலு பேர் தேறுவோம்.

கமலா ஒரு வருஷத்தில் ராமனைத் திருப்திப்படுத்தினார். அதன்பின் இன்ஸ்டிட்யூட்டில் பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். பாலிலும் பருப்பிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்து 1936-ல் எம்.எஸ்ஸி. வாங்கினார். கேம்பிரிட்ஜ் போய், தாவரங்களில் சைட்டோகுரோம்-சி இருப்பதைக் கண்டு, 1939-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கட்டுரை 40 பக்கம்தான் என்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கமலா சோஹோனி. ராமன் பெரிய விஞ்ஞானி என்பதை அவர் மறுத்ததே இல்லை. ஆனால் 1933-ல் பட்ட அந்த அவமானத்தை மறக்க முடியவில்லை என்று அறுபது வருஷத்துக்குப் பின்னும் சொன்னார். 1998-ல் காலமானார்.

காபி ஆறுகிறது என்று காரியதரிசி ஜாடை காட்டுகிறார்.